காலில் புண், அப்புறம் சிறுநீரகம்

"முள் கிழித்திருக்கும் என்று மஞ்சள் வைத்தோம் டாக்டர்." இந்தக் குளிர்காலத்திலும் இதைக் கேட்டாகிவிட்டது. அந்த நாய் என்னிடம் வந்தபோது வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தது. சிறுநீர் சொட்டுகூட வரவில்லை.

இங்கிலாந்தில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் அலபாமா ராட் என்ற நோயின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோலில் புண்ணாகத் தொடங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய் இது. 1980களில் அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களிடம் கண்டது. பிரிட்டனில் 2012 முதல் பார்க்கிறோம். அபூர்வம்தான், ஆனால் எந்த இனத்துக்கும் வரலாம். நவம்பர் முதல் மே வரை அதிகம். காரணம் இன்னும் பிடிபடவில்லை, தடுப்பூசியும் இல்லை.

புண் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, பாதத்தில் வரும். சில சமயம் முகத்தில், வாயில், வயிற்றில். தோல் சிவந்து வீங்கும், அல்லது கன்றிப்போய் நடுவில் குழிந்திருக்கும். முடியை விலக்கினால்தான் தெரியும். நாய் ஒரே இடத்தை ஓயாமல் நக்கினால் அங்கே பாருங்கள்.

என்னை அதிகம் கலங்கடிப்பது இன்னொரு பேச்சு: "ரத்தம் பார்த்தாச்சு, கிட்னி நார்மல்." புண் தெரிந்த அன்று கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்! சிறுநீரகம் கெடுவது அதற்குப் பிறகு, சராசரியாக மூன்று நாளில். பத்து நாள்கூட ஆகலாம். முதல் ரிப்போர்ட் அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. மறுபடி எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். தயவுசெய்து வாருங்கள். தோல் புண்ணோடு நின்று பிழைக்கும் நாய்களும் உண்டு. எந்த நாய் எந்தப் பக்கம் போகும் என்று முதல் நாளில் எங்களாலும் சொல்ல முடியாது. சிறுநீரகம் செயலிழந்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ராயல் வெட்டரினரி கல்லூரியில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றிப் பார்த்த ஆறு நாய்களில் இரண்டு தேறின. உயிரோடிருக்கும் நாயிடம் நாங்கள் சந்தேகத்தை வைத்துத்தான் சிகிச்சை தருகிறோம்; உறுதிப்படுத்த சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

காட்டுப்பாதையில் நடந்து வந்தால் சேற்றைக் கழுவித் துடையுங்கள். அதனால் நோய் தடுக்கப்படும் என்று நிரூபணம் இல்லை. ஆனால் கழுவும் கைக்குப் புண் தட்டுப்படும். உங்கள் இபுப்ரோஃபெனைக் கொடுக்கவே கூடாது, சிறுநீரகத்தை அதுவே கெடுக்கும். மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம், புண்ணின் நிறம் எங்களுக்குத் தெரிய வேண்டும். மனிதருக்கோ மற்ற நாய்க்கோ தொற்றியதாகத் தெரியவில்லை, அதனால் நாயை ஒதுக்காதீர்கள்.

புண் வந்த நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சோர்ந்தாலோ, வாந்தி எடுத்தாலோ ராத்திரியானாலும் அவசர கிளினிக்கைக் கூப்பிடுங்கள். போனில் வாந்தியை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், காலில் புண் வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.