தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் சாகும் மீன்

"தண்ணிய விட்டு வெளியில வந்தால் மீன் செத்துப்போகும் எண்டு ரீச்சர் சொன்னவா. ஆனா மழை பெய்த அண்டைக்குக் குளக்கட்டு ரோட்டால ஒரு மீன் ஊர்ந்து போச்சுது. அது ஏன் சாகேல்ல?"

ஒட்டுசுட்டானில் தரம் 5 படிக்கும் பிள்ளையின் கேள்வி. ரீச்சர் சொன்னதும் சரி, பிள்ளை கண்டதும் சரி. கண்டது பனையேறிக் கெண்டையாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் வற்றிக் கிடந்த குளத்திலிருந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஏறிப் போகிற மீன் அது.

சாதாரண மீன் வாயால் தண்ணீரை எடுத்துச் செவுள் வழியே வெளியே விடுகிறது. மீன் வாங்கும்போது தூக்கிப் பார்ப்போமே, சிவப்பாக, அந்தப் 'பூ'தான் செவுள். போகிற போக்கில் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் இரத்தத்துக்குள் இறங்குகிறது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தரையில் மீன் சாவது அங்கே ஒட்சிசன் இல்லாததால் அல்ல. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் சுமார் 7.5 மில்லிகிராம்தான், அதே ஒரு லீற்றர் காற்றில் அதைவிட 30 மடங்குக்கு மேல் உண்டு. சிக்கல் செவுளில் இருக்கிறது. தண்ணீரில் மிதந்து விரிந்து நிற்கும் மெல்லிய இழைகள், வெளியே வந்ததும் நனைந்த கொப்பித் தாள்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. காற்று உள்ளே நுழைய இடமில்லை.

பனையேறியிடம் ஒட்டாத ஒன்று இருக்கிறது. கறிக்கு வெட்டும்போது செவுள்மூடியை அகற்றிவிட்டு, முதல் செவுள் வளைவை மேல்நோக்கித் தொடர்ந்து பாருங்கள். மண்டையோட்டுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சிறு அறை. அந்த வளைவின் மேல்நுனி எலும்பு அறைக்குள் வளர்ந்து, மெல்லிய தகடுகளாக நெளிந்து மடிந்து கிடக்கும். குறுக்கே வெட்டிய கோவாவின் இலைமடிப்பு மாதிரி. தகடுகளின் மேல் மெல்லிய தோல். தோல் முழுக்க இரத்த மயிர்க்குழாய்கள். உள்ளே எலும்பு தாங்கி நிற்பதால் மடிப்புகள் சரிந்து ஒட்டுவதில்லை. சின்ன அறைக்குள் பெரிய பரப்பை அடக்க, நமது சுவாசப்பை பலூன்களாக ஊதிச் செய்வதை இந்த மீன் மடித்துச் செய்திருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு இந்த அறை இராது. வளர வளரத்தான் உண்டாகும். மீன் பெருக்கப் பெருக்க மடிப்பும் கூடும்.

இதைவிட அழகானது குழாய் வேலை. காற்றறையில் ஒட்சிசன் ஏற்றிய இரத்தம் நேரே உடலுக்குப் போவதில்லை. நாளத்தால் இதயத்துக்குத் திரும்பி, பழைய இரத்தத்தோடு கலக்கிறது. இதயம் அதை மறுபடியும் செவுளுக்குத்தானே தள்ளும்? ஒட்சிசன் குறைந்த சேற்றுத் தண்ணீர் செவுளில் பட்டால், கஷ்டப்பட்டு எடுத்த ஒட்சிசன் தண்ணீருக்கே கசிந்துவிடாதா? அதற்கும் வழி இருக்கிறது. நான்கு செவுள் வளைவுகளில் முன்னிரண்டின் இரத்தம் காற்றறைக்குப் போகிறது. பின்னிரண்டில் இழைகள் குறுகிப் போய், அகலமான குறுக்குவழிக் குழாய்களால் இரத்தம் உடலுக்கு ஓடிவிடுகிறது. கசிய அதிக இடமில்லை.

அதற்குக் கொடுத்த விலைதான் தலைப்பில் இருப்பது. செவுள் சுருங்கியதால் தண்ணீரை மட்டும் நம்பி இந்த மீனால் பிழைக்க முடியாது. நல்ல தண்ணீரிலேயே தேவையில் ஏறக்குறையப் பாதியைக் காற்றிலிருந்து எடுக்கும். முங்கிக் கிடக்கும் வலையில் சிக்கி மேலே வர வழியில்லாவிட்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும்.

காற்றறை ஒட்சிசனை எடுக்குமே தவிர, காபனீரொட்சைட்டை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் செவுளுக்கும் தோலுக்கும் உரியது. அவை ஈரமாக இருக்கவேண்டும். அதனால்தான் மழையில் ஊர்கிறது. வெயிலில் புறப்பட்டால் கருவாடு. ஊர்வது செட்டையால் அல்ல. செவுள்மூடியின் ஓரம் வாள்பல் போல இருக்கும். மூடியை விரித்து அந்தப் பல்லை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தும்.

பனையில் ஏறுமா? 1791 நவம்பரில் தரங்கம்பாடியில், குளத்தருகே நின்ற பனையில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே, பட்டை வெடிப்பில் இந்த மீனைப் பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதினார். 1797 இல் லண்டனில் அச்சானது. காகமோ பருந்தோ கொண்டுபோய் வைத்திருக்கும் என்பது பின்வந்தவர்கள் சொன்ன விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மழைக்குப் பின் வயலில் மீன் கிடந்தால் உடனே "வானத்தால விழுந்தது" என்போரும் முதலில் பக்கத்து வாய்க்காலைப் பார்க்கலாம். 1952 இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவைப் பற்றி ஆராயக் காசு கிடைக்கிற அளவுக்கு, இந்த ஊர்மீன் எந்தப் பாதையால் ஏறி இறங்குகிறது என்று பார்க்கக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். செங்குத்தாகக் கொங்கிறீற் கட்டிய வாய்க்கால் சுவரில் அந்த வாள்பல் ஊன்ற இடமில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு கையும் வேலையாக இருக்கிறதென்று இந்த மீனைப் பல்லில் கடித்து வைத்திருக்கக் கூடாது. துள்ளி, தலை முன்னாகத் தொண்டைக்குள் போய்விடும். முதுகு முள்ளும் செவுள்மூடிப் பல்லும் பின்னோக்கியே சாய்ந்திருப்பதால் உள்ளே போகும், வெளியே வராது. இப்படி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. இழுத்தால் இன்னும் ஆழமாகக் குத்தும், உடனே ஆஸ்பத்திரிதான். கையில் பிடிப்பதென்றாலும் தலைப்பக்கமிருந்து வாலை நோக்கித் தடவி, முள்ளைப் படியவைத்துப் பிடிக்கவேண்டும்.

வளர்த்துப் பார்க்க ஆசையென்றால் வாளியில் அரைவாசிக்குத் தண்ணீர் விடுங்கள். துளையிட்ட மூடி வேண்டும், மேலே பாரமும் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் காலையில் மீன் குசினியில் கிடக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை தரம் மேலே வந்து காற்றைக் கவ்வுகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாள் புதுத் தண்ணீரில், இன்னொரு நாள் விடியப்புறம் பாசி படர்ந்த குளத்தில் அள்ளிய தண்ணீரில். இரவெல்லாம் பாசியும் ஒட்சிசனைத்தான் சுவாசித்திருக்கும். அந்தத் தண்ணீரில் எண்ணிக்கை கூடும்.