உடனே பேசவைப்பது உதவியல்ல: போர் தந்த மனவடு ஆறும் விதம்

குண்டு வெடித்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்த கையோடு ஆலோசகர்களும் வந்துவிட வேண்டும். உயிர் தப்பியவர்களை உட்காரவைத்து, கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லவைக்க வேண்டும். 1980களிலும் 90களிலும் பல நாடுகளில் இதுவே சரியான முறை என்று கருதப்பட்டது. தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்ற மீட்புப் பணியாளர்களுக்காக அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வகுத்த குழு உரையாடல் முறை, காலப்போக்கில் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமான சிகிச்சைபோலப் பரவிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மனதில் பூட்டி வைத்தால் புழுங்கும், கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்றுதானே நாமும் நம்புகிறோம்.

சோதித்துப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. தீக்காயத்துடன் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் பிரிட்டனில் நடத்திய ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. ஒரே ஒரு முறை இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேர் 13 மாதங்களுக்குப் பிறகும் மனவடு நோயோடு இருந்தார்கள். பேசவைக்கப்படாதவர்களில் அது 9 சதவீதம். பேசவைக்கப்பட்ட குழுவினரின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்த இன்னோர் ஆய்வும் அதே திசையைக் காட்டியது: தொடக்கத்தில் மிக அதிகமாகக் கலங்கியிருந்தவர்கள், பேசவைக்கப்பட்டிருந்தால் கலங்கியபடியே இருந்தார்கள், தனியே விடப்பட்டிருந்தால் தேறியிருந்தார்கள். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட, காக்ரன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, எல்லோரையும் கட்டாயமாக ஒருமுறை பேசவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றது.

அப்படியானால் பேசவே கூடாதா? இல்லை. பேசுவதுதான் பின்னால் வரப்போகும் சிகிச்சையின் உயிர்நாடி. யாரிடம், எப்போது, எந்த ஒழுங்கில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் சில வாரங்களில் தூக்கம் வராமல் போவதும், கதவு சாத்தும் சத்தத்துக்கே உடல் அதிர்வதும், எதுவும் உறைக்காமல் மரத்துப்போவதும் நோய் அல்ல. பேராபத்தைக் கண்ட உடல், இன்னொன்று வரக்கூடும் என்று விழிப்போடு இருக்கிறது. பாதுகாப்பான இடமும் சொந்தபந்தமும் கிடைத்துவிட்டால் பெரும்பாலானோருக்கு இது தானாகவே தணியும். அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறிகள் நீடித்து அன்றாட வாழ்வையும் குலைத்தால் மட்டுமே மருத்துவர்கள் அதை மனவடு நோய், அதாவது பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். இந்தப் பெயரில் அது மனநோய்ப் பட்டியலில் இடம்பெற்றதே 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் அதற்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியதை உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன அவசரம் என்று பார்க்க வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் தோண்டக் கூடாது. குடும்பத்தோடும், மருத்துவத்தோடும், நம்பத்தக்க தகவலோடும் அவரை இணைத்துவிட வேண்டும். தண்ணீர், போர்வை, ஒரு போன் அழைப்பு, ‘உங்கள் தம்பி இன்ன மருத்துவமனையில் இருக்கிறார்’ என்ற உறுதியான செய்தி ஆகியவை அந்த நேரத்தில் எந்தக் கவுன்சலிங்கையும்விட அதிகம் ஆற்றுபவை. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைத் தரவே கூடாது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்றும் சொல்லக் கூடாது. பதற்றத்தைத் தணிக்கத் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த பென்சோடயசெபின்களைக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னமும் இருக்கிறது. கொடூர நிகழ்வுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அவற்றைத் தர வேண்டாம் என்று அதே நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் இணைத்தல் என்பது இன்னும் நேரடியானது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்கமும் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். குழந்தைக்கான முதல் சிகிச்சை, அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை நிலைப்படுத்துவதுதான்.

போர் நடந்த இடங்களில் வாழ்வோரில் எந்த ஒரு நேரத்திலும் சுமார் 22 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று 2019இல் வெளியான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு கூறுகிறது. ஐந்தில் ஒருவர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருடையது லேசானது. இத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்களை எங்கே தேடுவது? தேடவும் தேவையில்லை என்பதே 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டுதலின் அடிப்படை. அது உதவியை நான்கு அடுக்குப் பிரமிடாக வரைகிறது. அகலமான அடித்தளம், கண்ணியமாகக் கிடைக்கும் உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அதன் மேல் குடும்பமும் சமூகமும். அதற்கும் மேல் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் தரும் உதவி. சிறிய உச்சியில்தான் மருத்துவரும் உளவியலாளரும்.

அடித்தளத்தை ஏன் மனநலச் சேவையில் சேர்த்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. முகாமில் வாழும் ஒரு பெண் இரவில் கழிப்பறைக்குப் போகவே அஞ்சுகிறார் என்றால், அவருடைய உடல் ஒவ்வோர் இரவும் ஆபத்து நிலைக்குத் திரும்புகிறது. அங்கே ஒரு விளக்குக் கம்பம் நடுவதும் மனநலச் சேவைதான். அகதிகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காண்பதும் இதையே: போரில் கண்ட கொடுமை மட்டுமல்ல, போருக்குப் பின்னான வேலையின்மையும், நெரிசலும், எப்போது ஊர் திரும்புவோம் என்று தெரியாத நிலையும் மனத்தை அதே அளவுக்கு அரிக்கின்றன.

இனி, மாதங்கள் கடந்தும் ஆறாதவர்கள். இவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள நினைவு பதியும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

சாதாரண நிகழ்வொன்று நினைவில் பதியும்போது, எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன, பின் என்ன என்ற சட்டகமும் சேர்ந்தே பதிகிறது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிக்கு இதில் பெரும் பங்கு. உயிர் போகும் அச்சத்தில், ஆபத்தை உணரும் அமிக்டலா உச்சத்தில் இயங்குகிறது. புகையின் நெடி, ஓர் அலறல், நெஞ்சின் படபடப்பு ஆகியவை மிக அழுத்தமாகப் பதிகின்றன. இடமும் காலமும் சேர்ந்த சட்டகம் தளர்ந்துபோகிறது. பிறகு ஒருநாள் எங்கோ குப்பை எரியும் நெடி வருகிறது. அவருக்கு அந்த நாள் ‘நினைவுக்கு’ வருவதில்லை. அது மறுபடி நடக்கிறது. உடல் வியர்க்கிறது, கால்கள் ஓடத் துடிக்கின்றன. கடந்த காலம் என்ற அடையாளம் அந்த நினைவில் ஒட்டவே இல்லை.

அதனால் அவர் விலகத் தொடங்குகிறார். அந்தத் தெரு வேண்டாம், கூட்டம் வேண்டாம், அதைப் பற்றிய பேச்சே வேண்டாம். விலகும் ஒவ்வொரு முறையும் உடனடியாக நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் நோயை நீட்டிக்கிறது. அந்தத் தெருவில் இன்று ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒருபோதும் வருவதில்லை.

பேசும் நேரம் இப்போதுதான் வருகிறது. ஒருமுறை கொட்டித் தீர்ப்பதாக அல்ல. ஒழுங்காக, திரும்பத் திரும்ப, பயிற்சி பெற்றவரின் துணையோடு. இதற்கு நிரூபிக்கப்பட்ட முறைகள் பல உண்டு. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த நீடித்த வெளிப்பாட்டு முறையில், ஒருவர் அந்த நிகழ்வைக் கண்மூடி நிகழ்காலத்தில் விவரித்து, தாம் விலகிவந்த இடங்களுக்கும் படிப்படியாகச் செல்கிறார். இன்னோர் உளவியலாளரான பாட்ரிசியா ரெசிக்கின் முறை 12 அமர்வுகளில், ‘என்னால்தான் அவன் செத்தான்’ போன்ற குற்ற உணர்வை நிதானமாக விசாரிக்கிறது. ஆனால் போரில் ஒன்றல்ல, பல கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்திருக்கும். எதை எடுத்துப் பேசுவது? ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய கதைசொல்லல் சிகிச்சை இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. எனக்கு மிகவும் மனிதத்தன்மை உள்ளதாகத் தோன்றுவதும் இதுவே.

தரையில் ஒரு கயிற்றை நீட்டுகிறார்கள். ஒரு முனை பிறப்பு. வாழ்வில் நடந்த நல்லவற்றுக்கு அதன்மேல் பூக்கள், கொடியவற்றுக்குக் கற்கள். கயிற்றின் மறுமுனை சுருட்டியபடியே இருக்கும். அது இன்னும் வாழாத காலம். அடுத்த அமர்விலிருந்து பிறப்பில் தொடங்கி வரிசையாகக் கதை சொல்லப்படுகிறது. பூக்களும் சொல்லப்படுகின்றன; ஒரு கல் வந்ததும் வேகம் குறைகிறது. அப்போது என்ன கண்டீர்கள், என்ன நினைத்தீர்கள், உடலில் எங்கே உணர்ந்தீர்கள் என்று ஆலோசகர் கேட்கிறார். கூடவே, ‘இப்போது இந்த அறையில் உடல் எப்படி இருக்கிறது?’ என்றும் கேட்கிறார். அன்றும் இன்றும் அருகருகே வைக்கப்படுகின்றன. உச்ச அச்சம் தணியும்வரை அமர்வு முடிவதில்லை. ஆலோசகர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடுத்த முறை வாசித்துக் காட்டுகிறார், திருத்தங்கள் சேர்கின்றன. கடைசியில் முழு வாழ்க்கைக் கதையும் எழுத்தாக அவர் கைக்கே வருகிறது. அவர் விரும்பினால் அது மனித உரிமை மீறலுக்கான சாட்சியமாகவும் ஆகலாம்.

உகாண்டாவிலிருந்த சூடான் அகதிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் 43 பேர்தான். ஓராண்டு கழித்து, கதைசொல்லல் சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதம் பேரிடமே நோய் எஞ்சியிருந்தது. ஆறுதலான பொது ஆலோசனை பெற்றவர்களில் அது 79 சதவீதம். வடகிழக்கு இலங்கையில், போரையும் சுனாமியையும் கண்ட 31 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு இதன் குழந்தைகளுக்கான வடிவமும் மற்றதற்குத் தியானம் கலந்த தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகளாகத் தரப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பிறகு முதல் குழுவில் 81 சதவீதம் பேரும் இரண்டாவதில் 71 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அங்கே இல்லை. ஆகவே தானாக ஆறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே முறைதான் வழி என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

எந்த முறையானாலும் பழைய அச்சம் அழிக்கப்படுவதில்லை. அதன் அருகே ‘அது முடிந்துவிட்டது’ என்ற புதிய கற்றல் எழுகிறது. நினைவு நாளிலோ புதிய ஆபத்து வந்தாலோ பழையது தலைதூக்கலாம். அது சிகிச்சையின் தோல்வி அல்ல என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் சேவையின் பகுதிதான்.

இதையெல்லாம் செய்ய பட்டம் பெற்ற உளவியலாளர்தான் வேண்டுமா? பிரமிடின் மூன்றாம் அடுக்கு இதற்கே. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ திட்டத்தில் ஐந்து அமர்வுகள்: மெதுவாக மூச்சுவிடுதல், தீர்க்கக்கூடிய பிரச்சினைகளைப் பிரித்தெடுத்துக் கையாளுதல், கைவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகத் தொடங்குதல், உறவுகளைப் பலப்படுத்துதல். கொடுமையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பாகிஸ்தானில் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெஷாவரில் 346 பேரிடம் நடந்த சோதனையில் சுகாதார ஊழியர்களே இதை நடத்தினார்கள். மூன்று மாதங்களில் பதற்றமும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆனால் சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது. அடுத்தவர் துயரைத் தினமும் கேட்பவருக்கும் அது ஒட்டும். ஆலோசகரின் துயரைக் கேட்க ஓர் ஆலோசகர் இல்லாத திட்டங்கள் விரைவில் ஊழியர்களை இழக்கின்றன.

இவ்வளவு இருந்தும், உதவி தேவைப்படுபவர் தாமாகத் தேடி வருவதில்லை. விலகுதல்தானே நோயின் இயல்பு. லண்டனில் 2005 ஜூலை 7 அன்று நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு இது தெளிவாகத் தெரிந்தது. குடும்ப மருத்துவர்கள் அனுப்பிவைத்தவர்கள் மிகச் சிலரே. சம்பவ இடங்களில் இருந்தவர்களைத் தேடிப் பட்டியலிட்டு, கேள்வித்தாள் அனுப்பி, அறிகுறி அதிகம் உள்ளோரை அழைத்துப் பேசி, சிகிச்சைக்குச் சேர்த்த திட்டம்தான் அவர்களை எட்டியது. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று உத்தேயா தீவில் 69 பேர் கொல்லப்பட்டனர். தப்பிய இளையோர் நாடெங்கும் உள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளூர் நிர்வாகம் ஒரு தொடர்பாளரை அமர்த்த வேண்டும். குறைந்தது ஓராண்டு அவரே தொடர்புகொண்டு விசாரித்தபடி இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. என்னைக் கேட்டால் ஓராண்டும் குறைவுதான். ஊரார் ‘இன்னுமா?’ என்று கேட்கத் தொடங்குவது இரண்டாம் ஆண்டில்தான்.

இதுவரை சொன்ன எல்லாமே ஒன்றை உண்மையென எடுத்துக்கொள்கின்றன: கொடுமை முடிந்துவிட்டது என்பதை. கொடுமை இன்னும் முடியாத இடங்களில் வாழ்வோரும் இருக்கிறார்கள். ஷெல் இன்றும் விழும் ஊரில் சத்தத்துக்கு அஞ்சுவது நோயல்ல, உயிர் காக்கும் அறிவு. அங்கே சிகிச்சையின் வேலை அச்சத்தை அகற்றுவது அல்ல. உண்மையான ஆபத்தின் சத்தத்தையும் வெறும் நினைவூட்டலையும் பிரித்தறியப் பழக்குவதும், பதுங்குமிடத்திலும் தூக்கத்தையும் குழந்தையின் அன்றாட ஒழுங்கையும் காப்பாற்றித் தருவதும்தான்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு வேறொரு வகையான முடிவின்மை. இறந்ததாக அழவும் முடியாது, இருப்பதாகக் காத்திருக்கவும் முடியாது. அமெரிக்காவின் பாலின் பாஸ் 1970களிலிருந்து ஆராய்ந்த இந்தத் தெளிவற்ற இழப்பில், ‘ஏற்றுக்கொண்டு நகருங்கள்’ என்பது கொடூரமான அறிவுரை. மகனைக் கைவிடச் சொல்வதாகவே தாய்க்கு ஒலிக்கும். மகனுக்குச் சோறு போட அவர் ஒரு தட்டு இன்னும் எடுத்துவைக்கிறார் என்றால், அதை நோயின் அறிகுறியாகப் பார்க்கத் தேவையில்லை. ‘அவன் வரலாம், வராமலும் போகலாம்’ என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளுக்கும் தனக்கும் வாழ இடம் தேடுவதே அங்கே இலக்கு. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பல நாடுகளில் இத்தகைய குடும்பங்களையே ஒன்றாக உட்காரவைக்கிறது. அதே காத்திருப்பில் இருக்கும் இன்னொரு தாய் முன்னால் அமர்ந்திருக்கும்போது எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே சட்ட உதவியும், வருமானத்துக்கு வழியும், தேடுதல் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும் தரப்படுகின்றன. விசாரணை நடத்தும் அதிகாரி உண்மையைச் சொல்லாதவரை ஆலோசகரால் ஆற்ற முடிந்தது ஓர் அளவுதான். எங்கே, எப்படி என்ற பதில் கிடைப்பதும், எலும்புகளாயினும் கைக்கு வருவதும் அந்தச் சிகிச்சையின் மீதிப் பாதி. அது மருத்துவமனையில் இல்லை, அரசிடம் இருக்கிறது.