தேயிலை விலை விழும்போது சிறையில் தங்கிவிடுகிறவர்கள்

சட்ட உதவி வழக்கறிஞராக நீலகிரியின் கிளைச் சிறைகளுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, பச்சைத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்பது சிறையில் மனு பார்க்கும் ஜன்னலிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. விலை நன்றாக இருக்கும் மாதங்களில் அந்த ஜன்னலுக்கு வெளியே மனைவியோ அண்ணனோ மாற்றுத் துணியும் பிஸ்கட் பாக்கெட்டுமாக நிற்பார்கள். விலை விழுந்து இரண்டு மாதம் ஆனால் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். தொழில் படுத்தால் குற்றம் பெருகுமா என்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் அனுபவத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது, உள்ளே போனவர் வெளியே வருவதற்கு ஆகும் நாட்கள் பெருகும் என்பதுதான்.

இந்த மலைக்குப் பஞ்ச காலம் புதிதல்ல. சோவியத் ஒன்றியம் உடைந்த பின் பெரிய வாடிக்கையாளரை இழந்த நீலகிரித் தேயிலை, 1999-க்குப் பிறகு சரிந்து, 2000-ஆம் ஆண்டில் பச்சை இலை கிலோ 5 ரூபாயை ஒட்டி விற்றபோது சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2020-இல் ஊரடங்கு வந்து சுற்றுலா சீசன் முழுவதும் போனபோது ஓட்டுநர், குதிரைக்காரர், விடுதிப் பணியாளர் என்று வேறொரு வரிசை விழுந்தது. எந்தச் சரிவானாலும் முதலில் பறிபோவது, ஆபத்துக்கு ஒரு கையெழுத்துப் போட முன்வரும் ஆள். ஜாமீன் என்பது நம் நடைமுறையில் அந்தக் கையெழுத்தைத்தான் நம்பி நிற்கிறது.

கூடலூர் பக்கத்து இளைஞர் ஒருவரின் வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். லாரி பேட்டரி திருட்டு. முதல் வழக்கு. மூன்றாவது வாரத்திலேயே ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது: தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அவருடைய அண்ணன் இரண்டு பேருந்து மாறி நீதிமன்றத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார், ரேஷன் அட்டை, தந்தையின் பெயரில் இருந்த வீட்டு வரி ரசீது, தேயிலைத் தொழிற்சாலையில் இலை போட்ட கணக்குப் புத்தகம். தந்தை இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நிலத்துக்குப் பட்டா இல்லை. "ரசீதுதான் அப்பா பேருல இருக்கு. இந்தப் புத்தகம் என் பேருல இருக்குங்க சார், மாசா மாசம் எத்தனை கிலோன்னு எழுதியிருக்கு, இது ஆகாதுங்களா?" என்று கேட்டார். ஆகவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்; கிலோ எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் இருக்க, தொகை மட்டும் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. உத்தரவு கையில் இருந்தும் அந்த இளைஞர் மேலும் 41 நாட்கள் உள்ளே இருந்தார்.

இதை ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜன்மம் எனப்படும் பழைய பரம்பரை உரிமை நிலங்களை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறையாக வாழ்பவர்களுக்குப் பட்டா இல்லை. எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருப்பவருக்கு வீடு கம்பெனியுடையது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் பணியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோர் பலரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். நல்ல காலத்தில் தெரிந்த கடைக்காரரோ வாகன உரிமையாளரோ மனமிரங்கி வருவார். கெட்ட காலத்தில் அவரே கடனுக்குப் பயந்து ஒதுங்கி நிற்பார்.

சட்டம் இதை அறியாததல்ல. 1978-இல் மோத்திராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவரை ஏற்க மறுத்ததையும் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழிமுறை வகுத்தது: ஜாமீன் உத்தரவின் நகல் அன்றே அல்லது மறுநாளே சிறைக்குப் போக வேண்டும், 7 நாட்களில் விடுதலை ஆகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதியின் குடும்ப, பொருளாதார நிலை குறித்த அறிக்கையை நீதிமன்றத்தில் வைத்து நிபந்தனையைத் தளர்த்தக் கோரலாம், ஒரு மாதம் கடந்தால் நீதிமன்றமே முன்வந்து அதைப் பரிசீலிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்தலாகாது. என் கட்சிக்காரரான அந்தக் கூடலூர் இளைஞருக்கு வழி திறந்தது அந்த அறிக்கையால்தான். அந்த ஏழாவது நாளை யாரும் எண்ணவில்லை என்பதுதான் என் வருத்தம். நானும் எண்ணியிருக்க வேண்டும்.

பாதி தண்டனைக் காலம், முதல் குற்றமென்றால் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிக்கச் சொல்லும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது ஓராண்டு. பேட்டரி திருடியதாகச் சொல்லப்படுபவருக்கு அதனால் என்ன பயன்?

மத்திய அரசின் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த வழிகாட்டுதலின்படி, மாவட்ட அளவிலான குழு விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையிலும் அனுமதிக்கலாம் என்று இருந்தது. போதைப்பொருள், ஊழல் தடுப்பு போன்ற சட்டங்களின் கீழான வழக்குகளுக்கு இது பொருந்தாது. நல்ல திட்டம்தான். ஆனால் நம் நீதிமன்றங்களில் கேட்கப்படுவது பெரும்பாலும் ரொக்கமல்ல, சொத்துக் காகிதத்துடன் வரும் ஒரு மனிதர். பணத்தை அரசு தரலாம், மனிதரை யார் தருவது? ஆகவே உத்தரவு பெறும்போதே கைதியே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பிணையையோ ரொக்க வைப்பையோ மாற்றாகக் கேட்டு வாங்குவது வழக்கறிஞரின் வேலை. இதைச் செய்யாமல் திட்டத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இனிச் சிறையின் உள்பக்கம். நாட்டின் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர். வெளியே போக வேண்டியவர்கள் தேங்குவதால் கூடும் இந்தச் சுமையை, வருவாய் குறையும் ஆண்டுகளில் அதே பணத்தைக் கொண்டு நிர்வாகம் தாங்க வேண்டும். உணவு எடைக்கணக்கில் விதிக்கப்பட்டிருப்பதால் அரிசியும் பருப்பும் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. குறைவது கண்ணுக்குத் தெரியாதவை. ஒழுகும் கூரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், மனநல ஆலோசகரின் இடம் நிரப்பப்படாது, வழிக்காவலுக்கு ஆளில்லாமல் மருத்துவமனைப் பயணம் ஒத்திப்போகும். மலையில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் சிமெண்ட் தரையில் படுப்பவருக்கு இரண்டாவது கம்பளி என்பது நலத்திட்டமல்ல, மருத்துவத் தேவை. அதை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள் என்று எண்ணிவிடுகிறோம். வீட்டார் வருவதற்கே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

தண்டனைக் கைதிகளாகக் கோவை மத்திய சிறைக்கு இறங்கியவர்களுக்கு வேலையும் ஒரு கவலை. அமெரிக்காவில் 1930-களின் பெருமந்தத்தின்போது, சிறையில் செய்த பொருள்கள் வெளித் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்ற எதிர்ப்பு வலுத்து, 1935-இல் அவற்றை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்குத் தடை இறுகியது. கைதிகள் சும்மா உட்கார்ந்தார்கள். நம் மாநிலத்தில் சிறைத்துறை நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்குகளும் சிறை அங்காடிகளும் நேரடியாகப் பொதுமக்களிடம் விற்பவை என்பதால், அரசுத் துறைகளின் ஆர்டரை மட்டும் நம்பியிருக்கும் சிறைத் தறியைவிட அவை தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு. உள்ளே உழைத்த கூலி வீட்டுக்குப் போகும் மாதத்தில் கடிதமும் வருகிறது, ஆளும் வருகிறது என்பதைக் கட்சிக்காரர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

ஜாமீன்தாரராக நிற்கத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் வழக்கு தம் தலையில் விழும், வீடு ஜப்தியாகும் என்ற பயம் எஸ்டேட் பக்கம் அதிகம். ஜாமீன்தாரரின் பொறுப்பு, குற்றம்சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வருவதைப் பற்றியது மட்டுமே. குற்றத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல. ஆள் வராமல் போனாலும் முதலில் நோட்டீஸ் வரும், காரணம் சொல்ல வாய்ப்பு உண்டு, பிணைப்பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மேல் கேட்க முடியாது. நம்பிக்கை போய்விட்டால் எப்போது வேண்டுமானாலும் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அழைக்கும்போது ஜாமீன் உத்தரவான தேதியைக் கையில் வைத்திருங்கள். ஏழு நாட்கள் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன.