எதிரொளியைக் கொஞ்சம் அடக்குங்கள்

வரைந்த முகம் தகரத்தில் செய்ததுபோல் தெரிந்தால், உடற்கூறு போதவில்லை என்று எலும்பையும் தசையையும் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் கோளாறு அநேகமாக நிழலுக்குள் இருக்கிறது.

தாடைக்கு அடியைப் பாருங்கள். மேலிருந்து வரும் விளக்கொளி அங்கே எட்டாது. மாடலின் சட்டையில் பட்டுத் திரும்பும் எதிரொளிதான் அந்த இடத்தை மெல்லத் தொடும். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, பளிச்சென்று தெரியும். அப்படியே தீட்டினால் தாடையின் உருட்சி போய்விடும். கீழேயும் ஒரு விளக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். தாடையடியும் கழுத்து நிழலும் ஒன்றாகக் கலக்கும். கலந்தால், கலந்தபடியே தீட்டுங்கள்.

வெளிச்ச அளவைக் கறுப்பு 1, வெள்ளை 10 என்று வைத்துக்கொண்டால், மாநிறத் தோலில் நிழலுக்குள் எதுவும் 4-ஐத் தாண்டாமலும், ஒளிப்பக்கம் 5-க்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது நல்லது. தோலின் நிறத்தைப் பொறுத்து இந்த எல்லை ஏறி இறங்கும். இடைவெளி மட்டும் மூடக் கூடாது.

விளக்கு ஒன்றே போதும்: மேலே 45 டிகிரி, பக்கவாட்டில் 45 டிகிரி. தலைக்கு 1 மீட்டரிலும் பாதத்துக்கு 2 மீட்டரிலும் அது இருந்தால், பாதத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால்பங்கு ஒளிதான். பாதத்தையும் முகத்தளவு வெளிச்சமாகத் தீட்டுவதால்தான் பல முழு உருவப் படங்களில் அறையே காணாமல்போகிறது. சீரான ஒளி வேண்டுமென்றால் விளக்கை 4 மீட்டருக்குத் தள்ளுங்கள். நீங்களும் மாடலின் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி நில்லுங்கள். கிட்டே நின்றால் தலை பெருத்துக் கால் சிறுத்துவிடும்.

எல்லா விளிம்பையும் கூர்மையாக்கினால் உருவம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1600 வாக்கில் முடித்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில் முகங்களும் கைகளும் ஒளியில் நிற்க, உடல்களில் பாதி இருட்டில் கரைந்திருக்கும். சுவரில் ஜன்னல் உண்டு, ஆனால் வெளிச்சம் அதன் வழியாக வரவில்லை! எங்கிருந்து ஒளி வரவேண்டும் என்பதை ஓவியரே முடிவுசெய்திருக்கிறார்.

நிழலை மெல்லிய பூச்சாகவும் ஒளியைக் கனமாகவும் வையுங்கள். இருண்ட இடத்தில் சாயம் தடித்தால், பிரஷ் தடங்களின் மேடுகளில் அறை வெளிச்சம் பட்டுப் பளபளக்கும்; ஆழமாக இருக்கவேண்டிய நிழல் சாம்பல் பூத்து முன்னால் வந்துவிடும்.