மூன்று சிலிண்டர் இன்ஜினின் கணக்கு

சாதாரண இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜினின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு தடவை 'சுக்' என்று சத்தம் கேட்கும். சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு. மலாயா ரயில்வேயின் 'ஓ' வகுப்பு இன்ஜினில் சிலிண்டர் மூன்று, அதனால் ஆறு கேட்கும். கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறையை ஒட்டி வளர்ந்தவர்களுக்குக் காதே போதும், எது வருகிறது என்று சொல்ல.

1938 முதல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி கட்டி அனுப்பிய இன்ஜின் இது. போர் முடிந்தபின் 56ஆம் வகுப்பு என்று எண் மாறியது. 60க்கும் மேல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப்பெயர். இரவு மெயிலை இழுக்கும், மறுநாள் கூட்ஸ் வண்டியையும் இழுக்கும்.

சிக்கல் தண்டவாளத்தில் இருந்தது. மீட்டர் கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான்), இலேசான தண்டவாளம். ஓர் அச்சின் மேல் 13 டன்னுக்கு மிகாமல் பாரம் இருக்கும்படி இன்ஜினைச் செய்தார்கள். இழுக்கும் அச்சு மூன்றுதான், ஆக மொத்தம் 39 டன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிப்பது, அதன் மேல் இருக்கும் பாரத்தில் ஏறத்தாழ கால் பங்கு அளவுக்குத்தான். அதற்கு மேல் இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். பாடாங் ரெங்காஸ் தாண்டி தைப்பிங் நோக்கி மலை ஏறும்போது மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், மணல் தூவித்தான் ஏற வேண்டும்.

இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இழுவை சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள்ளேயே ஓரிடத்தில் உச்சத்துக்குப் போகும், ஓரிடத்தில் இறங்கும். வழுக்கல் தொடங்குவது அந்த உச்சத்தில். அதனால் சராசரி இழுவையை அந்த வழுக்கும் எல்லைக்கு ரொம்பக் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இன்ஜினின் அடிச்சட்டத்தின் நடுவே மூன்றாவது சிலிண்டரை வைத்து, மூன்றையும் 120 பாகை இடைவெளியில் இணைத்தால் உச்சங்கள் மட்டமாகின்றன. சராசரியை எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். 'ஓ' வகுப்பு எவ்வளவு பக்கத்தில் போனது தெரியுமா? சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம், 13 அங்குல விட்டமுள்ள சிலிண்டர், 54 அங்குலச் சக்கரம். கணக்குப் போட்டால் இழுவை 24,000 பவுண்டை ஒட்டி வருகிறது, அதாவது 11 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 39 டன்னில் கால் பங்கு 10 டன்கூட இல்லை! வடிவமைத்தவர்களுக்குத் துணிச்சல்தான்.

மூன்றாவது சிலிண்டர் உள்ளே ஒளிந்திருப்பதால் அதற்குள் நீராவியை விடும் வால்வை இயக்குவது வழக்கமாகத் தலைவலி. இங்கே மோட்டார் சைக்கிளில் உள்ளது மாதிரி, சுழலும் கேம் (ஒரு பக்கம் புடைத்த வட்டு) ஒன்று வால்வுகளை அழுத்தித் திறக்கும். நீராவி வரும் வழி வேறு, போகும் வழி வேறு.

கரி எரியும் நெருப்பறை அகலமானது. அதைத் தாங்கத்தான் பின்னால் தனியாக ஓர் அச்சு. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்தின் நிலக்கரி மட்டமானது. அதில் நல்ல நீராவி வேண்டுமானால் கரியைப் பரப்பும் எரிதட்டு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். 1950களில் இவை எண்ணெய்க்கு மாறின. பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது.

எண்ணெய் வந்ததும் பயர்மேனின் முதுகு பிழைத்தது, இன்ஜின் பிழைக்கவில்லை. எதை எரித்தாலும் நீராவி இன்ஜின் அந்த வெப்பத்தில் 100க்கு 10 பங்கைக்கூட இழுவையாக்காது. மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். டீசலில் கால் பங்குக்குக் குறையாமல் வேலைக்கு வரும். 1957இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் 20ஆம் வகுப்பு டீசல்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஆறு அச்சு, ஆறிலும் மோட்டார். முழு எடையும் தண்டவாளத்தைப் பிடிக்கும். 'ஓ' வகுப்பிலோ முன் சக்கரங்களும் பின் அச்சும், தண்ணீரும் எண்ணெயும் சுமக்கும் டெண்டரும் வெறும் பாரம். அப்புறம், மோட்டாரின் இழுவை இயல்பிலேயே சீரானது. மூன்றாவது சிலிண்டர் பாடுபட்டுச் சமாளித்த ஏற்ற இறக்கம் டீசலில் கிடையவே கிடையாது.

1970களின் தொடக்கத்தோடு நீராவி ஓட்டம் நின்றது.