தலைக்கு மேல் சுற்றும் செலவு

கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் மின் தணிக்கைக்குப் போகும் வீடுகளில் எல்லாரும் முதலில் காட்டுவது ஏசியைத்தான். நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பேன்.

மதுரையில் ஒரு வீட்டில் கூடத்து விசிறிக்குப் பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர். "கரண்ட் மிச்சமாகும் என்று இரண்டில்தான் வைப்போம் சார்" என்றார் அந்த அம்மா. பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். மிச்சம் என்று அவர் நினைத்ததில் பெரும்பகுதி அங்கே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

சாதாரண விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் வித்தியாசம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால், ஒரே விசிறியில் ஏறக்குறைய 170 கிலோ.

அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு எல்இடி பல்பே சாட்சி. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மொத்தமாக வாங்கியதில், 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2020 முதல், மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை (நட்சத்திரம் கூடினால் சிக்கனம் கூடும்) பெறும் அறை ஏசிகள், ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. இரண்டுமே நல்ல முடிவுகள்.

விசிறிக்கும் 2023 ஜனவரியில் நட்சத்திர முத்திரை கட்டாயமானது. ஆனால் ஒற்றை நட்சத்திர விசிறியையும் தாராளமாக விற்கலாம். முத்திரை இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். கடையில் எத்தனை நட்சத்திரம், எத்தனை வாட் என்று கேளுங்கள். அதே 2023இல் ஒரு கோடி சிக்கன விசிறிகளுக்கான திட்டத்தையும் மத்திய அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் அறிவித்தது. பல்பு போன வேகத்தில் அது வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதோடு, பழைய விசிறியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அவசியம் வேண்டும். விசிறி லேசில் சாவதில்லை.

மதுரை அம்மா கூடத்துக்குப் புது விசிறி வாங்கிவிட்டார். பழையதை மாடியில் வாடகைக்கு விடும் அறையில், அதே ரெகுலேட்டரோடு மாட்டியிருக்கிறார். அங்கே பில் கட்டப்போவது குடிவருகிறவர்.