கோட்டை சரிந்தால் சரியட்டும்

"ஆயிரத்து எண்ணூறு ரூபா குடுத்து வாங்கினோம் மேடம். பத்து நிமிஷம்கூட விளையாடல."

ஒரு அம்மா இப்படிக் குறைபட்டது, கோட்டை கட்டும் கிட்டைப் பற்றி. பிளாஸ்டிக் குச்சிகள், துளை போட்ட உருண்டைகள்; ஒன்றில் ஒன்றைச் செருகி எழுப்பி, மேலே துணி போர்த்தினால் பிள்ளைக்கு ஒரு குட்டி வீடு. விசாரித்தால், ராத்திரியே அப்பா பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து முழுசாகக் கட்டி வைத்துவிட்டாராம். காலையில் பையன் உள்ளே போனான், வெளியே வந்தான். வேறென்ன செய்வான், பாவம்?

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பிள்ளைகளைப் பழக்குபவள். இந்தக் கிட்டில் எனக்குப் பிடித்ததே குச்சியைச் செருகும் வேலைதான். ஒரு கை உருண்டையை ஆடாமல் பிடிக்க, மறு கை அழுத்தித் திருக வேண்டும். சட்டை பட்டன் போடவும் டிபன் பாக்ஸ் திறக்கவும் கைகள் இப்படித்தான் சேர்ந்து உழைக்கின்றன. பென்சிலைக் கண்டாலே முகம் திருப்பும் பிள்ளைகள், இதில் அரைமணி நேரம் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பையனுக்கு ஐந்து வயது. கிட்டோடு வரச் சொன்னேன். சதுரச் சதுரமாகக் கட்டினான். பெட்ஷீட்டைப் போட்டதும் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அம்மாவின் கை தானாக நீண்டது. வேண்டாமென்று ஜாடை காட்டினேன். குறுக்கே ஒரு குச்சி வைத்துப் பார்த்தான், எட்டவில்லை. எப்படி எட்டும்? 35 செ.மீ. குச்சியில் கட்டிய சதுரத்துக்குக் குறுக்கே ஏறக்குறைய 50 செ.மீ. வேண்டும். அந்தக் கணக்கு அவனுக்கெதற்கு! கோபத்தில் பிய்த்தான். மீந்த மூன்று குச்சிகளைச் சும்மா கோத்தான். ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. மறுபடி ஆட்டினான். "ஆன்ட்டி, இது ஸ்ட்ராங்!" அதற்குப்பின் எல்லாமே முக்கோணம்தான். பெட்ஷீட்டின் கனம் ஆகாதென்று அம்மாவின் துப்பட்டாவையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

துப்பட்டா என்றதும் சொல்லிவிடுகிறேன். மேலே போர்த்தலாம், ஜன்னல் கம்பியிலோ கதவுப் பிடியிலோ முடிச்சுப் போட்டுத் தொங்கவிடக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பால்கனி ஓரத்திலும் கோட்டை வேண்டாம்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கிட் வேண்டவே வேண்டாம், இரண்டு நாற்காலியும் ஒரு பழைய புடவையும் போதும். வாயில் போட்டால் அடைக்கும் பொருளா என்று சோதிக்கும் குழலின் விட்டம் 31.7 மி.மீ.; நம் 10 ரூபாய் நாணயமோ 27 மி.மீ. குழலுக்குள் அடங்குவதெல்லாம் ஆபத்து, அதாவது நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையும் ஆபத்துதான். அண்ணனுக்கு வாங்கியது தம்பி கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் இங்கே விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் தேடிப் பாருங்கள்.

என் பெரிய பயம் இந்தக் கிட் அல்ல. உள்ளே அழகுக்குப் போடும் குட்டி சீரியல் லைட்டுகள். பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்காமல், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத லைட்டை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டியால குனிய முடியலையாம். வாசலை உசத்துறேன்னு நாலு நாளா இடிச்சுக் கட்டிட்டிருக்கான் மேடம். ஹால்ல நடக்க இடமில்ல."